மூன்றாவது மாடியில் துடைக்காத இடம்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். வந்தால் வாய் நிற்காது. கே.கே. நகரில் நான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய டாக்டர்கள்கூட என்னைக் கண்டதும் கையைக் கழுவப் போய்விடுவார்கள். தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்பது என் பதவி. யார் கை கழுவினார்கள், யார் கழுவாமல் டிமிக்கி கொடுத்தார்கள், எந்தக் கட்டிலை எந்தத் துணியால் துடைத்தார்கள், ஊசி எந்த டப்பாவில் விழுந்தது என்று நாள் முழுக்கத் துருவுவதுதான் வேலை. முதுகுக்குப் பின்னால் எனக்குப் 'போலீஸ் சிஸ்டர்' என்று பேர் இருக்கிறது. அது என் காதில் விழுந்த அன்று வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமை போன வருஷம் கோடையில் நாசமாய்ப் போயிற்று. ஒரு மனுஷர் செத்துப்போனார். ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அந்த வேலையைப் போக வைத்தது நான்தான்.  நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். சர்க்கரை வியாதி, காலில் புண். மூன்றாவது மாடியில் ஆறாம் நம்பர் அறையில் சேர்த்து, இரண்டு விரலை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்தார்கள். ஆபரேஷன் முடிந்து, தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், எங்கள் மாடியின் வழக்கப்படி நான்தான் போய் அவர் நெற்றியில் துன்னூறு பூசி, நாக்கிலும் ஒரு சிட்டிகை வைத்து, அதற்கப்புறம் தண்ணீர் கொடுத்தேன். "தாயி, இன்னும் நாலு நாள்ல நான் வீட்டுக்குப் போறேன் பாரு. ஊருல கெடா வெட்டு இருக்கு. நீ வரலேன்னா வண்டிய எடுத்துக்கிட்டு இங்கயே வந்துருவேன்" என்று சிரித்தார். புண்ணும் நன்றாகத்தான் ஆறிக்கொண்டு வந்தது.

ஆறாம் நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சாதாரணப் போக்கு இல்லை. கட்டிலை விட்டு இறங்குவதற்குள் போய்விடும். அந்த நாற்றம் வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் முகராத நாற்றம். மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

முடிவு வந்ததும் எங்கள் கிருமியியல் டாக்டரம்மா ஃபோனில் சொல்லாமல் நேரிலேயே வந்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கு வருகிறவர். சின்ன வயசு. பார்த்தால் காலேஜில் படிக்கிற பெண் என்றுதான் நினைப்பார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"சிஸ்டர், இது ஓடு கட்டுற ரகம். ஆன்டிபயாடிக் குடுத்தோம்ல, அது குடல்ல இருக்குற நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுருச்சு. எடம் காலியானதும் இது குடியேறிருச்சு. உள்ள இருந்தா குடலைப் புண்ணாக்கும். வெளிய வந்தா தன்னைச் சுத்தி ஓடு கட்டிக்கிட்டு, கட்டில்ல, கைப்பிடில, சுவிட்சுல மாசக்கணக்கா கெடக்கும். யாரு வாய்க்குள்ளயாவது போனா மறுபடி முழிச்சுக்கும்."

"ஹேண்ட்ரப் போட்டும் சாகாதா?"

"சாகாது சிஸ்டர். நீங்க செவுத்துக்குச் செவுரு மாட்டி வச்சிருக்கீங்களே, அந்த ஸ்பிரிட்டுத் தண்ணி இதை ஒண்ணுமே பண்ணாது. சோப்புப் போட்டுக் கழுவித்தான் கையை விட்டு ஓட்டணும். கட்டிலுக்கும் தரைக்கும் ப்ளீச்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. படிக்காத விஷயம் இல்லை. நம்ம ஊருக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று பரீட்சைக்கு மட்டும் படித்து மூடி வைத்த பாடம். அந்த ஸ்பிரிட்டுத் தண்ணீரைத் தேய்க்காதவர்களை நான் பேசாத பேச்சு இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே மூன்றாவது மாடிக்குப் படையெடுத்தேன்.

மூன்றாவது மாடியைச் சுத்தம் செய்கிறவள் கப்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். காண்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் ஒன்பது வருஷமாக அதே மாடி. நாற்பதைத் தாண்டியவள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் நறுக்கென்று பேசுவாள். அவளை உட்கார வைத்து, டாக்டரம்மா சொன்ன அந்த ஓட்டைப் பற்றி விளக்கினேன்.

"புளியங்கொட்டையக் கடிச்சுப் பாத்திருக்கியாத்தா? ஓடு எப்பிடி இருக்கும்? அது மாதிரி இந்தக் கிருமிக்கும் ஓடு. சும்மா தொடச்சா ஒண்ணும் ஆகாது."

"புளியங்கொட்டைய வறுத்தா ஓடு கழண்டுரும்ல சிஸ்டர்."

"கட்டில வறுக்க முடியாதுடி. அதான் ப்ளீச்சு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தாலும் சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொண்டாள். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு போகத் துடைக்க வேண்டும். அப்புறம் அன்றன்றைக்குக் காலையில் புதிதாகக் கலந்த ப்ளீச் தண்ணீர். தடவிவிட்டு உடனே உலர்த்தக் கூடாது, பத்து நிமிஷம் ஈரமாகவே கிடக்க வேண்டும். இந்தப் பத்து நிமிஷம்தான் எங்கள் ஊரில் நடக்காத காரியம். துணைக்கு வந்திருப்பவர்கள் கட்டில் கம்பி ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவார்கள். "தண்ணியோட விட்டுட்டுப் போறா பாரு" என்று குறை வேறு சொல்வார்கள். அதனால் அவள் ஒவ்வொரு அறையிலும் துடைத்து முடித்ததும் பத்து நிமிஷம் காவல் நிற்க ஆரம்பித்தாள். ப்ளீச் வாடையில் கண்ணில் தண்ணீர் கொட்டும். அப்படியே நிற்பாள்.

அப்படியும் அடுத்த இரண்டு வாரத்தில் அதே மாடியில் இன்னும் இரண்டு பேருக்கு அதே போக்கு. இரண்டு பேரும் ஆறாம் நம்பர் அறைப் பக்கமே போகாதவர்கள்.

எனக்குச் சந்தேகம் அவள்மேல்தான். வேறு யார்மேல் வரும்? சுத்தம் செய்கிறவள் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்ததே. டாக்டரம்மா கண்ணுக்குத் தெரியாத ஒரு பசையைக் கொண்டுவந்து கொடுத்தார். யாருக்கும் தெரியாமல் அங்கங்கே ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும். ஒழுங்காகத் துடைத்தால் போய்விடும். துடைக்காமல் விட்டால் ஊதா டார்ச் அடித்ததும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கட்டில் கம்பி, காலிங் பெல், ஃபேன் சுவிட்ச், டிவி ரிமோட், கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் என்று தேடித் தேடி வைத்தேன். கட்டிலுக்கு அடியில் உயரம் ஏற்றும் கைப்பிடியில்கூட வைத்தேன். மறுநாள் திரையை இழுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பொட்டுகூட இல்லை. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் பசை வைத்ததை எவளோ போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

இதற்குள் டிரைவர் ஐயாவின் வயிறு உப்பிக்கொண்டது. குடல் வீங்கிப்போய்விட்டது என்று பெருங்குடலையே வெட்டி எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டார். அவர் சம்சாரம் அழவில்லை. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கால்ல புண்ணுன்னுதானம்மா கூட்டியாந்தோம். வகுத்துல எப்பிடிம்மா வந்துச்சு?"

 கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். திரும்பினால், ஆறாம் நம்பர் அறையைக் கழுவுவதற்காக அவள் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மா அந்தப் பக்கம் நகர்ந்ததும் என் வாய் அவிழ்ந்துகொண்டது.

"ஒன் கையாலதான்டி அந்த மனுசன் போனாரு. ஒழுங்காத் தொடச்சிருந்தா இன்னேரம் ஊரு போய்ச் சேந்திருப்பாரு. ஒன் கைதான் கொன்னுச்சு."

ஸ்டாஃப் நர்ஸுகள் எல்லாரும் கேட்டார்கள்.  அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், பிணம் எடுத்த கட்டிலைத் துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் நின்றாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் என் மனசு இளகவில்லை.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். சுத்தம் செய்வதில் குறை, ஆளை மாற்ற வேண்டும் என்று. மறுநாள் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போகும்போது என்னைத் தேடி வந்தாள்.

"நான் பத்து நிமிசம் நின்னேன் சிஸ்டர். தெனமும் நின்னேன்."

"நின்னா எப்பிடி வரும்? காத்துல பறந்தா வரும்?"

 "வாரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன ஒன்பதாம் நாள் நாலாவது ஆளுக்கு வந்தது. பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒரு டீச்சரம்மா. அவர் சேர்ந்ததே அவள் வேலையை விட்டு நின்ற பிறகுதான். புதிதாக வந்தவளை நானே கூட நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தேன், பத்து நிமிஷத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன். அப்படியும் வந்துவிட்டது. டாக்டரம்மா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், அந்த அக்கா இல்லாதப்பவும் வருதே. நாம வேற எங்கயோ பாக்காம விட்டுருக்கோம்."

அன்றைக்கு மாடி முழுக்க அவரே பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார். கட்டில்கள், பி.பி. பார்க்கும் பட்டை, மருந்துத் தள்ளுவண்டி, கம்ப்யூட்டர் விசைப்பலகை. கடைசியில் நர்ஸுகள் உட்காரும் மேஜையருகில், மூலையில் இருக்கும் சாமி அலமாரி முன்னால் போய் நின்றார்.

அதை வைத்தது நான்தான். நாலைந்து சாமி படம், ஒரு குட்டி எலெக்ட்ரிக் விளக்கு, பித்தளைத் தட்டில் ஒரு கிண்ணம் துன்னூறு. ஆபரேஷனுக்குப் போகிற ஸ்ட்ரெச்சர் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். ஆபரேஷன் முடிந்து தண்ணீர் குடிக்கிற முதல் தடவை நாக்கில் ஒரு சிட்டிகை. இதெல்லாம் நான் கொண்டுவந்த பழக்கம், மூன்றாவது மாடிக்கென்று ஒரு பேரும் அதனால் உண்டு. நோயாளியோடு இருப்பவர்களும் போகிற வருகிற வழியில் விரலை விட்டு எடுத்துக்கொள்வார்கள். பழனிக்குப் போனவர், திருச்செந்தூர் போனவர், குணமாகி வீட்டுக்குப் போனவர் எல்லாரும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து அதே கிண்ணத்தில் கொட்டுவார்கள். கிண்ணம் காலியானதே இல்லை. காலி செய்யவும் மாட்டோம், துன்னூறைக் கீழே கொட்டுவது எப்படி? மேலே மேலே போட்டுக்கொண்டே இருந்தோம்.

டாக்டரம்மா பஞ்சுக் குச்சியை எடுத்ததும் நான் குறுக்கே போய்விட்டேன்.

"டாக்டர், அது சாமி."

"தெரியும் சிஸ்டர். காலைல நானும்தான் வச்சுக்கிட்டேன்" என்று தன் நெற்றியைக் காட்டினார். "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தட்டை யாரு தொடைப்பா?"

"நான்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

"எதை வச்சு?"

"காஞ்ச துணி. சுத்தமான துணி டாக்டர், வீட்டுல இருந்து கொண்டாருவேன்."

அவர் தட்டிலும் கிண்ணத்துக்குள்ளும் ஒற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க முகம் தொங்கிப்போயிற்று. படித்த பிள்ளைகளுக்குச் சாமி என்றாலே இளக்காரம் என்று கூட இருந்த நர்ஸிடம் புலம்பினேன்.

சில நாள் கழித்து, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது டாக்டரம்மா ஃபோன் வந்தது. இடது கையால் எடுத்தேன்.

"சிஸ்டர், அறைங்க எல்லாம் சுத்தம். கட்டில், பெல்லு, சுவிட்சு எதுலயும் இல்ல. அந்த அக்கா தொடச்ச எந்த எடத்துலயும் இல்ல. சாமித் தட்டுல இருக்கு. கிண்ணத்துல நெறைய இருக்கு. யாரோ ஒருத்தர் விரல்ல இருந்து போயிருக்கு. யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. காஞ்ச எடம்கறதால அப்பிடியே கெடந்திருக்கு."

 அவர் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். சோறு பிசைந்த கை அப்படியே டப்பாவுக்குள் இருந்தது. டிரைவர் ஐயா நாக்கை நீட்டினது கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்புறம் அந்த இரண்டு பேர். அப்புறம் டீச்சரம்மா. நாலு பேருக்கும் வைத்தது என் விரல். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கையில் ஸ்பிரிட்டுத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டேன், சாமி காரியமாச்சே என்று. அது இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று தெரிந்த பிறகும் தேய்த்தேன். நோயாளியைத் தொடத்தான் சோப்பு, சாமித் தட்டைத் தொட எதற்குச் சோப்பு என்று என் புத்தி நினைத்திருக்கிறது. ஐயோ, அம்புட்டுச் சுத்தக்காரி நான்! பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அடுத்த அடி விழுந்தது. மாடியில் சந்து பொந்து விடாமல் துடைக்கிறவள், கட்டிலின் அடிக் கைப்பிடி வரைக்கும் விடாதவள், அந்த அலமாரியை மட்டும் ஏன் ஒன்பது வருஷமாகத் துடைக்கவில்லை?

துடைத்தாள். அவள் வந்த புதிதில் ஒரு நாள் தட்டைத் தூக்கி அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வராந்தாவே அதிரக் கத்தினேன். "கக்கூஸ் கழுவுற கையால சாமித் தட்டைத் தொடுறியே, அறிவிருக்கா? இந்தப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்." அவள் தட்டை மெதுவாக வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள். நான் அப்படிச் சொன்னது கிருமியை நினைத்து இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கையுறை போட்டுக்கொண்டு, சோப்பில் கழுவிய கையோடு வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து அவள் துடைப்பம் அந்த அலமாரிக்கு ஒரு முழம் தள்ளியே நிற்கும். சொன்ன சொல்லைக் கேட்டாள். நான்தான் அந்த இடத்தைப் பத்திரமாகக் கிருமிக்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சாமி விசயம் சிஸ்டர். வெளிய தெரிஞ்சா ஊரு வேற மாதிரி பேசும். பழைய அறிக்கையே இருக்கட்டும். ஆளும் போயிருச்சு. தட்டை மட்டும் சத்தமில்லாம எடுத்துருங்க."

"பழைய அறிக்கை பொய் டாக்டர்."

"நல்லது கெட்டது பாத்துப் பேசுங்க. ஒங்க வேலையும் இதுல இருக்கு."

நான் புது அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். தட்டு, கிண்ணம், துன்னூறு, யார் வைத்தது, யாரைத் துடைக்க விடவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. வீரம் ஒன்றும் இல்லை, டிரைவர் ஐயாவின் சம்சாரம் கேட்ட கேள்விக்கு எங்கேயாவது ஒரு காகிதத்தில் பதில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பிற்பாடு அவர் அந்த அம்மாவை வரவழைத்துப் பேசினார், நானும் பக்கத்தில் நின்றேன். அது தனிக் கதை. அதை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

அந்தத் துன்னூறை மஞ்சள் பையில்தான் போட வேண்டும், ரத்தப் பஞ்சும் சீழ் துணியும் போகிற பை. நர்ஸுகள் யாரும் கிட்டே வரவில்லை. "பாவம் வந்து சேரும் சிஸ்டர்" என்று ஒருத்தி அழுதாள். நானே கையுறை மாட்டிக்கொண்டு கொட்டினேன். கொட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டேன். பித்தளைத் தட்டை ப்ளீச் தண்ணீரில் அமுக்கி வைத்ததில் அது கறுத்துப்போயிற்று.

மறுநாள் டூட்டி முடிந்ததும் ஸ்கூட்டியில் கப்பலூர் போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஷெட்டுகளில் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்கிற தெரு. விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண் நின்றாள், உள்ளே சேலையில் கட்டின தொட்டில் தெரிந்தது. தான் அவளுடைய மகள் என்றாள். அம்மா வேலையை விட்டு நின்ற வாரம்தான் பிரசவமாம், தலைப் பிள்ளை.

"அம்மா இல்லையா?"

"பின்னாடி இருக்கு. வீட்டுக்குள்ளயே வர மாட்டேங்குது சிஸ்டர். தனித் தட்டு, தனி டம்ளர். சோறுகூட ஆக்க மாட்டேங்குது, பிள்ள பெத்த நான் எந்திரிச்சு ஆக்குறேன். எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். என்னான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

கொல்லையில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கை இரண்டும் வெந்துபோய், தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தன. பக்கத்தில் ப்ளீச்சிங் பவுடர் பொட்டலம் பிரித்துக் கிடந்தது. வெறும் கையை அதில் முக்கி முக்கிக் கழுவியிருக்கிறாள். 

நின்றபடியே சொல்லி முடித்தேன். "ஒன் மேல தப்பில்லத்தா. நீ தொடச்ச எடத்துல எங்கயும் இல்ல. நான் வச்சிருந்த துன்னூறுல இருந்துருக்கு. ஒன்னத் தொட விடாமப் பண்ணது நான். அந்த ஐயாவுக்குக் குடுத்தது என் கைதான். ஒன் கை இல்ல." மன்னிப்புக் கேட்டேன். காண்ட்ராக்ட் சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வா என்று சொன்னேன். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் தேவலை என்றும் இருந்தது.

அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப என் கையில ஒண்ணும் இல்லியா சிஸ்டர்?" என்றாள்.

"ஒண்ணும் இல்லத்தா. சத்தியமா இல்ல."

"பிள்ளயத் தூக்கலாமா?"

எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. பேத்தி பிறந்து இத்தனை நாளாக இவள் இந்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறாள். கொலைகாரக் கை என்று நான் சொன்னதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "தூக்குத்தா" என்றேன். "சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தூக்கு, போதும்."

குழாயடியில் கழுவினாள். வெடித்த விரலில் சோப்பு பட்டு எரிந்திருக்கும், முகத்தைச் சுளிக்காமல் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மகள் பிள்ளையைக் கொண்டுவந்து, "இந்தா பிடி, ஒனக்கு இம்புட்டு வைராக்கியம் ஆகாதும்மா" என்று மடியில் போட்டாள். இவள் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். சத்தம் வராமல் அழுதாள், கண்ணீரைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டது. நானும் அழுதுகொண்டேதான் நின்றேன். குனிந்து அதன் பாதத்தைத் தொட விரலை நீட்டினேன்.

அவள் பிள்ளையைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையக் கழுவிட்டுத் தொடுங்க சிஸ்டர்" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நான் நிமிர்ந்து குழாயடிக்குப் போனேன்.